இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்குப் போடும் வழி

சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று தேடினால், ஓரிடத்தில் 6,291 என்று வரும், இன்னோரிடத்தில் 3,909, மற்றோரிடத்தில் 3,397. நேரமும் இப்படித்தான். வானில் பறப்பது ஏழேகால் மணி நேரம் என்பார்கள். டிக்கெட்டில் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் என்றிருக்கும். புறப்படும் நேரத்தையும் போய்ச் சேரும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் பத்து மணி நேரம் வருகிறது. இவற்றில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது, அவ்வளவுதான். தூரம் ஒரே ஒரு எண்தான், அதை எந்த அலகில் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நேரத்துக்கு மட்டும் குறைந்தது நான்கு அர்த்தங்கள் இருக்கின்றன. புதிதாகப் பயணத் திட்டம் போடுபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

இந்த சிங்கப்பூர் - சிட்னி வழியையே உதாரணமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

முதலில் நிலையத்தை முடிவு செய்யுங்கள், நகரத்தை அல்ல

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா தந்த மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருப்பது அதுதான். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பயன்படுத்துவது, ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான இகாவோவின் நான்கெழுத்துக் குறியீடு. பயணிக்கு மூன்றெழுத்தே போதும்.

நகரப் பெயரை மட்டும் தட்டித் தேடுவதில் இரண்டு ஆபத்துகள். ஒரே நகரத்துக்குப் பல நிலையங்கள் இருக்கலாம். லண்டன் என்றால் ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று வரிசையாக உண்டு. டோக்கியோவில் ஹனேடா நகரை ஒட்டியே இருக்கிறது. நரிட்டாவிலிருந்து நகர மையத்துக்கு 60 கிலோமீட்டர் போக வேண்டும். வானில் எந்த வித்தியாசமும் தெரியாது, தரையில் ஒரு மணி நேரம் கூடிவிடும்.

இரண்டாவது ஆபத்து, ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிறோம் என்று நினைத்து அங்கே போய் இறங்கியவர்கள் நிஜமாகவே உண்டு. ஆஸ்திரேலிய சிட்னியின் குறியீடு எஸ்ஒய்டி, கனடாவின் சிட்னி ஒய்க்யூஒய். கலிஃபோர்னியாவிலும் கோஸ்டா ரிகாவிலும் ஆளுக்கொரு சான் ஹோசே உண்டு. குறியீட்டைப் பார்த்து உறுதி செய்ய அரை நிமிடம் போதும்.

அடுத்து, தூரம்

வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் கிரேட் சர்க்கிள் மேப்பர் போன்ற தளத்தில் இரண்டு குறியீடுகளையும் கொடுங்கள். கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோலால் இரண்டு புள்ளிகளை இணைத்தாலும் அதே விடைதான் வரும். இவை காட்டுவது பெருவட்டத் தூரம், அதாவது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி.

தட்டையான உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது மட்டும் வேண்டாம். அந்தப் படத்தில் துருவங்களை நோக்கிப் போகப் போக எல்லாம் பெரிதாக இழுபட்டிருக்கும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லண்டன் போகும் விமானம் கிரீன்லாந்துப் பக்கம் வளைந்து போவதைத் திரையில் பார்த்துவிட்டு, இது ஏன் சுற்றிப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அது சுற்றவில்லை, நேராகத்தான் போகிறது. படம்தான் வளைத்துக் காட்டுகிறது. சிட்னியிலிருந்து சிலியின் சாண்டியாகோ போகும் விமானமும் இதே காரணத்தால் அண்டார்டிகாவை நோக்கி வெகுதூரம் தெற்கே இறங்கி ஏறும்.

கையால் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, பள்ளியில் படித்த சைன், கொசைன் போதும். சிங்கப்பூர் சாங்கி நிலையம் வடக்கு 1.36 பாகை, கிழக்கு 103.99 பாகை. சிட்னி தெற்கு 33.95, கிழக்கு 151.18. தெற்கையும் மேற்கையும் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: இங்கே −0.0133. அப்புறம் இரண்டு அட்சரேகைகளின் கொசைன், தீர்க்கரேகை வித்தியாசமான 47.19 பாகையின் கொசைன், இந்த மூன்றையும் பெருக்குங்கள்: 0.5636. இரண்டையும் கூட்டினால் 0.5503. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று கால்குலேட்டரைக் கேட்டால் 56.61 பாகை என்கிறது.

இனி எளிது. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். 56.61-ஐ 60-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3,397 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆகவே 6,291 கிலோமீட்டர். சாதாரண மைலில் (1.609 கிலோமீட்டர்) சொன்னால் 3,909. தொடக்கத்தில் பார்த்த மூன்று எண்களும் இங்கிருந்து வந்தவைதான். விமானிகள் கடல் மைலில் பேசுகிறார்கள், அமெரிக்கத் தளங்கள் சாதாரண மைலில் காட்டுகின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லை என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

எக்செல்லில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பாகையைப் புரிந்துகொள்ளாது, கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனாக மாற்றித் தர வேண்டும். கடைசியில் கிடைக்கும் கோணமும் ரேடியனில்தான் இருக்கும், அதை பூமியின் சராசரி ஆரமான 6,371-ஆல் பெருக்கினால் நேராகக் கிலோமீட்டர் வந்துவிடும். பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் இந்த விடையில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். பயணத் திட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை

பெருவட்டத் தூரம் குறைந்தபட்ச எண். விமானம் அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் பறக்கும். கிளம்பும்போது ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் ஏறித் திரும்ப வேண்டும், இறங்கும்போது வரிசையில் காத்திருக்க வேண்டும், நடுவில் இடிமேகம் இருந்தால் விலக வேண்டும். இகாவோ தன் கார்பன் வெளியீட்டுக் கணக்கில் இதற்காகவே நேர்தூரத்தோடு ஒரு தொகையைக் கூட்டுகிறது: 550 கிலோமீட்டருக்குக் குறைவான பயணத்துக்கு 50, அதிலிருந்து 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கிலோமீட்டர். வேறு தகவல் இல்லாதபோது நீங்களும் இதையே பயன்படுத்தலாம்.

சில வழிகளில் இது போதாது. இரட்டை எஞ்சின் விமானங்கள், ஒரு எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு நிலையத்தை எட்டும் தூரத்தில்தான் பறக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. திபெத் பீடபூமியின் மேல் பெரும்பாலும் பறப்பதில்லை. அவசரத்துக்குக் கீழே இறங்க வேண்டியிருந்தால் அங்கே தரையே மிக உயரத்தில் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவது மூடப்பட்ட வான்வெளி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரச் சொச்சத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் சுமார் பதின்மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. இரண்டு நகரங்களும் அங்கேயேதான் இருக்கின்றன, பெருவட்டத் தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. பழைய பதிவுகளில் இருக்கும் பயண நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதற்காக பெருவட்டத் தூரம் ஏட்டுக் கணக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு பயணி இழப்பீட்டு விதியில் இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கும் 1,500, 3,500 கிலோமீட்டர் என்ற எல்லைகள் இந்த நேர்தூரத்தை வைத்துத்தான் பார்க்கப்படுகின்றன. விமானம் எப்படிச் சுற்றிப் போனது என்பது அங்கே கணக்கில் வராது.

தூரத்திலிருந்து நேரம்

பெரிய விமானங்களான போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை ஒலியின் வேகத்தில் சுமார் 85 சதவீதத்தில் போகும். அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். ஏ320, 737 வகைகள் 830 அளவில். காற்றாடி சுற்றும் ஏடிஆர் 72 சுமார் 500. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த வேகம் கிடைக்காது, தரையில் ஊர்ந்து போகும் நேரமும் இருக்கிறது. அதனால் இப்படி ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்: தூரத்தை 850-ஆல் வகுங்கள், அரை மணி நேரம் கூட்டுங்கள்.

சிங்கப்பூர் - சிட்னி: 6,291-ஐ 850-ஆல் வகுத்தால் 7.4, அதாவது 7 மணி 24 நிமிடம். அரை மணி சேர்த்தால் 7 மணி 54 நிமிடம். நிறுவனங்களின் அட்டவணையும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது.

குறுகிய பயணத்துக்கு அரை மணி போதாது. பாரிஸ் - லண்டன் சுமார் 350 கிலோமீட்டர்தான். வகுத்தால் 25 நிமிடம் வருகிறது, அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். விமானம் முழு உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறது. 800 கிலோமீட்டருக்குக் கீழே போனால் அரை மணிக்குப் பதிலாக 50 நிமிடம் கூட்டுங்கள். ஏடிஆர் என்றால் 850-க்குப் பதிலாக 480.

காற்று

இந்தக் கணக்கைக் கலைத்துப் போடுவது காற்று. மத்திய அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று வீசுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது அங்கே சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் பலமாக இருக்கும். கிழக்கே போகிறவருக்கு முதுகில் தள்ளும், மேற்கே போகிறவருக்கு முகத்தில் அடிக்கும். அதனால்தான் நியூயார்க்கிலிருந்து லண்டன் ஏழு மணி நேரம், லண்டனிலிருந்து நியூயார்க் எட்டு மணி நேரம். 2020 பிப்ரவரியில், அட்லாண்டிக்கில் புயல் வீசிய ஒரு இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையிலிருந்து பார்த்தால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல் வேகம். ஆனால் அது ஒலித்தடையை உடைக்கவில்லை. சுற்றியிருந்த காற்றே அந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்தது.

போகும்போது தள்ளும், வரும்போது தடுக்கும், கடைசியில் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். சரியாகாது. 6,000 கிலோமீட்டர் தூரம், விமானத்தின் வேகம் 900, காற்று 100 என்று வையுங்கள். போக 6 மணி நேரம், திரும்ப ஏழரை, ஆக மொத்தம் 13 மணி 30 நிமிடம். காற்றே இல்லை என்றால் 13 மணி 20 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்காற்றில் நீங்கள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறீர்கள், அதுதான் காரணம்.

காற்றுக்காக வழியையே மாற்றுவதும் உண்டு. வட அட்லாண்டிக்கைக் கடக்கும் பாதைகளை அன்றன்றைய காற்றைப் பார்த்து தினமும் புதிதாக வகுக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே நிலையம் 15,300 கிலோமீட்டருக்கு மேல், வழக்கமான பயணிகள் சேவைகளில் மிக நீளமான வழிகளுள் ஒன்று. கிட்டத்தட்ட பத்தொன்பது மணி நேரம். அன்றைக்குக் காற்று எங்கே சாதகமோ, அந்தப் பக்கம் நேர்தூரத்தைவிடப் பல நூறு கிலோமீட்டர் கூடுதலாகப் போனாலும் முன்னதாகவே சேர்ந்துவிடலாம். ஆகவே உங்கள் கணக்கு விடையை ஒரே எண்ணாக எழுதி வைக்காதீர்கள். நீண்ட கிழக்கு - மேற்குப் பயணம் என்றால் இரண்டு பக்கமும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இடம் விடுங்கள். வடக்கு - தெற்குப் பயணத்தில் இந்தத் தொல்லை குறைவு.

டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம்?

டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாடு, விமானம் கேட்டை விட்டு நகரும் நேரம். தரையை விட்டு எழும் நேரம் அல்ல. அதே மாதிரி வருகை என்பது கேட்டில் வந்து நிற்கும் நேரம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ளதை விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். கூட்டமான நிலையங்களில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கே இருபது முப்பது நிமிடம் ஆகும். தாமதமானாலும் சமாளிக்கலாம் என்று நிறுவனங்கள் இதில் கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் சேர்த்துத்தான் அட்டவணை போடுகின்றன. அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கு வந்து நிற்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

கடிகாரத்தைக் கழிக்கும் முன்

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். கழிக்க வேண்டுமானால் இரண்டையும் முதலில் உலகப் பொது நேரமான யுடிசி-க்கு மாற்றுங்கள். சிங்கப்பூர் யுடிசி-யை விட 8 மணி நேரம் முன்னால், சிட்னி 10 மணி நேரம். இரவு 8 மணிக்கு சிங்கப்பூரில் கிளம்பினால் யுடிசி-யில் பகல் 12. ஏழு மணி ஐம்பது நிமிடம் கழித்து யுடிசி இரவு 7:50, சிட்னியில் மறுநாள் காலை 5:50. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாக இருக்கும். அது மறுநாள் என்று அர்த்தம். ஹோட்டல் போடும்போது தேதி தப்பாவது பெரும்பாலும் இந்தச் சின்ன +1-ஐக் கவனிக்காமல் விடுவதால்தான்.

கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இன்னும் ஒரு சிக்கல். சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கிறார்கள், அப்போது அதே விமானம் காலை 6:50-க்குச் சேரும். அதே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் மாற்றுவதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட நாட்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் வழக்கமான 5 மணி நேரம் இல்லை, 4. மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பயணம் என்றால் அந்தத் தேதியைக் கொடுத்தே நேர வித்தியாசத்தைத் தேடுங்கள்.

பசிபிக்கில் தேதிக் கோட்டைத் தாண்டும்போது கணக்கு வேடிக்கையாக இருக்கும். குளிர்காலத்தில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி, பத்து மணி நேரம் பறந்து, லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்கலாம். யுடிசி-க்கு மாற்றிப் போட்டால் எந்தக் குழப்பமும் இல்லை.

நடுவில் இறங்கி மாறினால்

நான்-ஸ்டாப் என்றால் எங்கும் நிற்காது. டைரக்ட் என்று போட்டிருந்தால் விமான எண் ஒன்றுதான், ஆனால் நடுவில் எங்கேனும் இறங்கி ஏறலாம். இதைக் கவனியுங்கள்.

மாறிப் போவதால் தூரம் எவ்வளவு கூடும் என்பதை ஒவ்வொரு துண்டாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். விடை சில நேரம் ஆச்சரியப்படுத்தும். லண்டன் - சிட்னி நேர்தூரம் சுமார் 17,020 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் சுமார் 17,170, அதாவது 150 கிலோமீட்டர்தான் கூடுதல், பத்து நிமிடப் பறத்தல். ஹாங்காங் வழியாக என்றால் வித்தியாசமே தெரியாது. லாஸ் ஏஞ்சலஸ் வழியாகப் போனால் 20,800-ஐத் தாண்டும், நாலரை மணி நேரம் வீண். சிங்கப்பூர் வழியில் நேரத்தை விழுங்குவது தூரம் அல்ல, நடுவில் காத்திருப்பது. டிக்கெட் விலைப் பட்டியலைப் பார்க்கும்போது பறக்கும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததை விட்டால் நிறுவனம்தான் மாற்று ஏற்பாடு செய்யும். தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பெட்டியை எடுத்து, குடியேற்றம் தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். தனி டிக்கெட்டுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி விட எனக்கு மனம் வராது. நிலையமே மாற வேண்டியிருந்தால், ஹீத்ரோவில் இறங்கி காட்விக்கில் ஏறுவது போல, அதைவிடவும் கூட வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு

பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள், உள்நாட்டுக்கு இரண்டு. இறங்கிய பின் குடியேற்றம், பெட்டி, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். கூடவே இரண்டு பக்கமும் தரைவழிப் பயணம். 400, 500 கிலோமீட்டர் தூரத்துக்கு இப்படிக் கூட்டிப் பார்த்தால், நல்ல ரயில் ஓடும் வழிகளில் விமானம் தோற்றுவிடும்.

எல்லாக் கணக்கும் போட்டு முடித்த பின் ஒரு சரிபார்ப்பு. ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணைத் தட்டினால், கடந்த சில நாட்களில் அது எப்போது மேலே எழுந்தது, எப்போது தரை தொட்டது என்று நாள்வாரியாகக் கிடைக்கும். ஒரு வாரத்துப் பதிவைப் பாருங்கள். அட்டவணை நேரத்தைவிடத் தொடர்ந்து முன்னதாகவே சேர்கிறதா, அல்லது வாரத்தில் பாதி நாள் தாமதமா என்பது அங்கே தெரிந்துவிடும். அடுத்த விமானத்துக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை அந்தப் பதிவில் உள்ள மிக மோசமான நாளை வைத்து முடிவு செய்யுங்கள், சராசரியை வைத்து அல்ல.